சட்டசபையில் நிறைவேறிய மசோதா எப்போது சட்டமாகிறது?

2022 டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் அம்மா, மகனுடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் நான்காக மடித்த நாளிதழ்த் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் இணையவழி ரம்மியில் சம்பளத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இழந்திருந்தான். "தடைச் சட்டம் நிறைவேறிடுச்சுன்னு பேப்பர்லயே போட்டிருக்கு சார். அப்புறம் எப்படி அந்த விளையாட்டு இன்னும் ஓடுது?" என்று கேட்டார்.

அவர் படித்த செய்தி பொய்யல்ல. அக்டோபர் 19 அன்று சட்டப்பேரவை அந்த மசோதாவை நிறைவேற்றியிருந்தது. ஆனால் பேரவை நிறைவேற்றுவது மசோதாவைத்தான்; ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் அளிக்கும் வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்கு முன் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும், பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரங்களில் காலாவதியாகும் என்ற விதிப்படி, நவம்பர் இறுதியில் முடிந்துவிட்டது. மசோதா ஆளுநர் மாளிகையில் இருந்தது. 2023 மார்ச் மாதத்தில் அது திரும்பி வந்து, மார்ச் 23 அன்று பேரவையில் மறுபடியும் நிறைவேறி, ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது.

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 200 ஆளுநருக்குத் தரும் வழிகள் குறைவு. அவர் ஒப்புதல் அளிக்கலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பலாம். பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றியது) அல்லாததைத் தம் கருத்துகளுடன் 'கூடிய விரைவில்' பேரவைக்குத் திருப்பியனுப்பலாம். பேரவை அதை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மசோதாவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் முடியாது, திருப்பியனுப்பியாக வேண்டும் என்று 2023 நவம்பரில் பஞ்சாப் அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

'கூடிய விரைவில்' என்றால் எத்தனை நாள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. இத்தனை தகராறும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படும் மாநில மசோதாக்களைப் பற்றிய பிரிவு 201 இன்னும் கடுமையானது: அவர் திருப்பியனுப்பினால் பேரவை 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குக் கெடு வைக்கிறது, கையெழுத்திட வேண்டியவருக்கோ கெடுவே வைக்கவில்லை. பேரவை மீண்டும் நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது நியாயமான ஏற்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மனமிருந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஜல்லிக்கட்டு மசோதா சாட்சி: 2017 ஜனவரி 23 அன்று பேரவையில் நிறைவேறி, அதே மாதம் 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அடுத்த நாளே, பிப்ரவரி 1 அன்று, பேரவை நிறைவேற்றிய இரண்டு நீட் விலக்கு மசோதாக்கள் ஒப்புதல் பெறவில்லை. அவை அந்த ஆண்டே நிராகரிக்கப்பட்டுவிட்ட விவரத்தை மத்திய அரசு சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது 2019 ஜூலையில். 2021 செப்டம்பரில் மறுபடியும் நிறைவேற்றப்பட்ட நீட் விலக்கு மசோதா, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேறி, டெல்லிக்குப் போய், நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரால் பேரவையில் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்ற மசோதாவுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986ஆம் ஆண்டு அஞ்சலகத் திருத்த மசோதாவில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, அதைத் திருப்பவும் இல்லை. அது சட்டமாகவே இல்லை. அந்த மசோதா மடிந்ததில் எனக்கு வருத்தமில்லை என்றாலும், அதை மடியவைத்த முறை ஆபத்தானதுதான்.

தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, மறுபடியும் நிறைவேற்றப்பட்ட 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்துக் கெடுவும் விதித்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக, நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க இயலாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளும் முறை அரசமைப்பில் இல்லை என்றும் கூறியது. காரணமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால் மட்டும், முடிவெடுக்குமாறு உத்தரவிடலாம் என்றது. ஆகவே, எத்தனை மாதம் போனால் அது 'நெடுங்காலம்' ஆகும் என்பதற்காக இனியும் வழக்குகள் வரும்.

எனவே ஒரு சட்டத்தை நம்பி ஒப்பந்தம் போடுவதற்கோ புகார் கொடுப்பதற்கோ முன், அது அரசிதழில் வெளியாகிச் சட்ட எண் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். சில சட்டங்களுக்கு நடைமுறைக்கு வரும் நாளைத் தனியாக அறிவிக்க வேண்டியிருக்கும்; அந்த அறிவிக்கையையும் தேடுங்கள். பெயரில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள்: இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரில் 2022 என்று இருக்கிறது, சட்ட எண்ணோ 2023ஆம் ஆண்டின் 9.

அந்த அம்மா மறு ஆண்டு மே மாதத்தில் மீண்டும் வந்தார். இப்போதாவது அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரு செயல் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டத்தின்படியே தண்டிக்க முடியும் என்கிறது அரசமைப்பின் பிரிவு 20. அவர் மகன் பணத்தை இழந்த நாட்களில் அந்தத் தடை வெறும் மசோதாவாகத்தான் இருந்தது.