கண்மாய்க் கரை ஏறும்போது கார்பரேட்டருக்கு என்ன ஆகிறது?

சாயல்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. பழைய பெட்ரோல் ஜீப்பை முதல் கியரில் ஏற்றினேன், பாதி மேட்டில் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிட்டது. குப்பென்று பெட்ரோல் வாடை. பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் கரும்புகையைக் கக்கிவிட்டு எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பிளக், ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) என்று எதையெதையோ கழற்றி மாட்டினேன். கடைசியில் கீழக்கரை மெக்கானிக் அண்ணன்தான், "ஜெட்டை விடுங்க தம்பி, உள்ள பெட்ரோல் எம்புட்டு உசரத்துல நிக்கிதுன்னு பாருங்க" என்றார்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர். அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் ஏறியதும் நீடில் வால்வைத் தள்ளி வழியை மூடிவிடும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை போலத்தான். பக்கத்தில் காற்று போகும் குழாய், நடுவில் இடுப்பு மாதிரிக் குறுகியிருக்கும், அதுதான் வென்ச்சுரி. எஞ்சின் இழுக்கும் காற்று அந்தக் குறுகலில் வேகம் பிடிக்க, அங்கே அழுத்தம் குறைய, கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாக வந்து நாஸில் என்ற குழல்முனையில் பீய்ச்சும். நாஸிலின் வாய் பெட்ரோல் மட்டத்தைவிடச் சில மில்லிமீட்டர்தான் உயரம். எஞ்சின் இழுக்காதபோது பெட்ரோல் தானாக வழியாமல் இருப்பது அந்த இடைவெளியால்தான்.

எங்கள் பக்கம் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவருவார்கள். மேட்டில் ஏறும்போது குடத்தில் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்திருப்பீர்கள். கார்பரேட்டரிலும் அதே கதை. கிண்ணத்தின் நடுவிலிருந்து நாஸில் 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். வண்டி 20 டிகிரி சாய்ந்தால் அந்த இடத்தில் பெட்ரோல் மட்டம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் மாறிவிடும். கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருந்தால் ஏற்றத்தில் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூழ்கும், இறக்கத்தில் பட்டினி கிடக்கும். பின்பக்கம் இருந்தால் தலைகீழ்.

என் வண்டியில் இருப்பது சோலெக்ஸ் கம்பெனி கார்பரேட்டர். அண்ணன் செய்தது ஒரே ஒரு வேலை: நீடில் வால்வுக்கு அடியில் இருந்த வாஷரை எடுத்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் தடிமனான வாஷரைப் போட்டார். வால்வு அந்த அளவுக்குக் கீழே இறங்குகிறது, ஃப்ளோட் முன்னாலேயே மூடிவிடுகிறது, மட்டம் குறைகிறது. ரொம்பக் குறைத்தால் சமதரையில் மிதிக்கும்போது திணறும், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். குலுக்கலில் நீடில் துள்ளித் துள்ளிப் பெட்ரோலை உள்ளே விடுவதைத் தடுக்க, ஸ்பிரிங் வைத்த நீடில் வருகிறது, உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் வாங்கிப் போடலாம்.

அப்புறம், பெரிய கார்பரேட்டர் மாட்டினால் மணலில் பறக்கலாம் என்று ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். நம்பாதீர்கள். 2017-ல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கும்வரை தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மணலிலும் தண்ணீரிலும் போன வேன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை பறக்கவில்லை, உறுமிக்கொண்டு ஊர்ந்தன. மணலில் வேண்டியது குறைந்த சுற்றில் இழுவை. வென்ச்சுரி அகலமானால் அந்தச் சுற்றில் காற்றின் வேகம் விழுந்துவிடும், பெட்ரோலை உறிஞ்சவே ஆள் இருக்காது. (கார்பரேட்டரில் கை வைக்கும் முன் டயரில் காற்றை இறக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.)

ஜெட்டை மாற்ற வேண்டிய காரணம் வேறு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும், ஏனென்றால் எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆக அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் போல அதிக எரிபொருள் போக வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீட்டர், 130 போட்டால் துளையின் பரப்பு சுமார் எட்டு சதவீதம் கூடுகிறது. மலைக்குப் போகிறவர்கள் காற்று மெலிவதால் ஜெட்டைச் சின்னதாக்குவார்கள், அந்த ஆலோசனையைக் கடல் மட்டத்தில் இருக்கும் நாம் கேட்டுக்கொண்டு வந்தால் எஞ்சின் சூடேறும்.

சூடு என்றதும் ஒன்று. சித்திரை வெயிலில் மணலில் ஊர்ந்துவிட்டு எஞ்சினை அணைத்தால் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து நாஸில் வழியாக வழியும், பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாது. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் குழாய்) நடுவில், சூட்டை எளிதில் கடத்தாத தடித்த பேக்கலைட் துண்டு வைத்தால் சூடு ஏறுவது குறையும். நான் வைத்திருக்கிறேன், போன வாரம் அதே கரையில் ஏறி நின்று, மேலேயே அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.