சீசனுக்கு ஆள் எடுக்கிறீர்களா? நட்டஈட்டுக் காப்புறுதியும் சேமலாப நிதியும் கேட்கும் கணக்கு

மே மாதம் கடல் அடங்கியதும் திருகோணமலையின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். மாரியில் நாலு பேரோடு ஓட்டிய விடுதிக்கு இப்போது ஒன்பது பேர் வேண்டும். குசினிக்கு இரண்டு பேர், புறாத்தீவுப் படகுக்கு இரண்டு பொடியன்கள், அறை துப்புரவாக்க மூதூரிலிருந்து ஓர் அக்கா. செப்டெம்பர் முடிய அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த ஐந்து மாத ஆட்களைப் பற்றித்தான் பிறகு கேள்வி வரும். முதலில் காப்புறுதிக் கம்பனி கேட்கும், பிறகு தொழில் திணைக்களம் கேட்கும்.

காப்புறுதியை எடுத்துக்கொள்வோம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையின் காரணமாக ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. காப்புறுதி எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பொறுப்பு அவருடையதே. காப்புறுதி இருந்தால் கம்பனி கொடுக்கும், இல்லையென்றால் கல்லாப்பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். 2022 இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பிப் போகும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அது உள்ளே கொண்டுவந்தது. கிண்ணியாவிலிருந்து இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற ஆள் உங்களிடம் இருந்தால், உங்கள் காப்புறுதிப் பத்திரம் அந்தப் பயணத்தையும் ஏற்கிறதா என்று கிளையில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் இன்னொரு பழக்கம் உண்டு. ஆளைச் சேர்க்கும்போதே, ‘எனக்கு ஏதும் நடந்தால் முதலாளி பொறுப்பில்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். அந்தத் தாள் செல்லாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் இந்தச் சட்டம் ஏற்காது. அதேபோல, வேலையாள் இறந்துவிட்டால் செத்தவீட்டில் குடும்பத்தின் கையில் காசைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மனிதத்தன்மையில் அது சரி. சட்டத்தின் கண்ணில் அது நட்டஈடு ஆகாது. மரண நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும், இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தோருக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை.

இந்தக் காப்புறுதிக்கான கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று போடப்படுவதில்லை. வருடத்துக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லும் மதிப்பீட்டில், வேலையின் ஆபத்துக்கு ஏற்ற வீதத்தில் போடப்படும். வெல்டிங் பட்டறைக்கு ஒரு வீதம், மேசையில் பில் போடுகிறவருக்கு இன்னொன்று. வருட முடிவில் உண்மையில் கொடுத்த சம்பளத்தை அறிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் கம்பனி ஆள் வந்து சம்பளப் புத்தகத்தைப் பார்க்கலாம். கூடியிருந்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும், குறைந்திருந்தால் பத்திரத்தின் நிபந்தனைப்படி திருப்பித் தருவார்கள். ‘ஓடிட்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நடப்பது இவ்வளவுதான்.

முதல் பந்தியில் சொன்ன விடுதியையே எடுத்துக்கொள்வோம். நிரந்தர ஆட்கள் நாலு பேர், ஆளுக்கு மாதம் 30,000 ரூபா. வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். முதலாளி இதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். சீசன் ஆட்கள் ஐந்து பேர், ஆளுக்கு 35,000, ஐந்து மாதம். அது 8 இலட்சத்து 75 ஆயிரம். கட்டண வீதத்தைக் கணக்குக்காக நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், கட்டியது 14,400, கட்ட வேண்டியது 23,150. வித்தியாசம் 8,750 ரூபா. இதை மிச்சம் பிடிக்கப் போய், பத்திரத்தில் சொல்லாத ஆட்களுக்கு ஏதும் நடந்தால் கம்பனி கையை விரிக்க நாமே வழி செய்து கொடுக்கிறோம். காப்புறுதி உண்மையைச் சொல்வதில் நிற்கிற ஒப்பந்தம். என் கருத்தில், சீசன் தொடங்கும்போதே கூடப்போகும் ஆட்களைக் கடிதம் மூலம் அறிவித்துவிடுவது, வருட முடிவில் விளக்கம் சொல்வதைவிட எவ்வளவோ இலகு.

இனித் தொழில் திணைக்களம். ஓய்வுக்காலத்துக்காக ஊழியர் பெயரில் மாதாமாதம் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். ஊழியர் நம்பிக்கை நிதி, நாம் ஈ.டி.எப். என்பது, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். ஒரேயோர் ஆள் இருந்தாலும் இவை பொருந்தும். தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி என்ற சாட்டெல்லாம் எடுபடாது, முதல் நாளிலிருந்தே கணக்கு. குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் தனியாள் வியாபாரத்துக்கு விலக்கு உண்டு. சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈ.டி.எப். 3 வீதம். ஈ.டி.எப். முழுவதும் முதலாளி தலையில். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்குச் சேமலாப நிதிக்கு 6,000, ஈ.டி.எப்.க்கு 900. அதில் 2,400 மட்டும்தான் ஊழியர் பையிலிருந்து வருவது.

அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் சேமலாப நிதிக்கு மிகைக் கட்டணம்: பத்து நாளுக்குள் 5 வீதம், ஒரு மாதம் வரை 15 வீதம், அப்படியே ஏறி ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். சின்னக் கடைகளை விழுத்துவது இந்த ஏற்றம்தான். யாரோ ஒரு பழைய ஊழியர் விலகிப் போய் முறைப்பாடு கொடுப்பார். மூன்று வருடம் கட்டாத பணம் ஒரேயடியாக, மிகைக் கட்டணத்தோடு வந்து நிற்கும். அன்று கழிக்காத 8 வீதத்தை இன்று அந்த ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. முழு 20 வீதமும் முதலாளி தலையில்தான் விழும். கட்டாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

தொழில் உத்தியோகத்தர் பார்ப்பதும் காப்புறுதி ஆள் பார்ப்பதும் ஒரே புத்தகம்தான். ஆனால் கூட்டல் வேறு. மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாப நிதி கிடையாது. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், கொமிஷன், கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதி எல்லாவற்றுக்கும் உண்டு. நட்டஈட்டுக் காப்புறுதிப் படிவமோ பொதுவாக மேலதிக நேரத்தையும் சேர்த்து முழு உழைப்பையும் கேட்கும். இரண்டு இடத்திலும் இரண்டு தொகை இருந்தால் அது களவு இல்லை. ஆனால் ஏன் வேறு என்று காட்ட, அடிப்படைச் சம்பளம், படிகள், மேலதிக நேரம், சாப்பாடு என்று புத்தகத்தில் தனித்தனி நிரல் இருக்க வேண்டும். பிரதான வீதிக் கடைகள் பலவற்றில் கொப்பியில் ஒரே ஒரு தொகை, பக்கத்தில் ஒரு கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு எந்த உத்தியோகத்தரிடமும் வாதாட முடியாது.

ஓர் ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபை அனுமதிப்பத்திரம், வரி, இரண்டு நிதி, காப்புறுதி என்று நாலு பேர் வைத்திருக்கிற கடைக்காரரும் நானூறு பேர் வைத்திருக்கிற கம்பனியும் ஏறக்குறைய ஒரே படிவங்களைத்தான் நிரப்புகிறார்கள். கம்பனிக்குக் கணக்காளர் இருக்கிறார். இங்கே இரவு கடை பூட்டியபின் மகளோ மருமகனோ இருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

காப்புறுதிக் கம்பனி கேட்கும் மேலதிகக் கட்டணம் பிழையென்று பட்டால், எந்தச் சம்பளத்தில், எந்த வீதத்தில் கணக்கிட்டார்கள் என்று முதலில் கம்பனியிடமே எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அதற்குப் பத்திரத்தின் பிரதி, நீங்கள் கொடுத்த சம்பள அறிவிப்பின் பிரதி, கட்டிய பற்றுச்சீட்டு மூன்றும் தேவைப்படும்.