மண் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இன்னொரு பழைய வீடு. மண் சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து கழன்று விழுகிறது. "சுண்ணாம்புக்குப் பலம் காணாது, சீமெந்தே பூசிவிடட்டுமா?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். மழை தொடங்கினால் இதே கேள்விதான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அதே வீட்டின் பின்சுவரில் முன்பே யாரோ சீமெந்து பூசியிருந்தார்கள். பார்வைக்குச் சின்ன வெடிப்புகள் மட்டும்தான். கரண்டிப் பிடியால் தட்டினால் வெறும் பானைபோல் சத்தம். ஒரு துண்டைப் பெயர்த்ததும் பின்னால் இருந்த மண் விரலோடு வழிந்து வந்தது.

மண் சுவர் ஈரத்தை இழுக்கும், திரும்ப விடும். சுண்ணாம்பு அதற்கு வழி விடும், சீமெந்து அடைத்துவிடும். வெடிப்பு வழியாக உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாமல் சுவரையே கரைக்கும். "சுண்ணாம்பில் சீமெந்து கொஞ்சம் மட்டும் கலக்கலாமே" என்பார்கள் மேசன்மார். அந்தக் கொஞ்சமும் வேண்டாம். பூச்சு மண்ணைவிட விறைப்பானால் இரண்டும் சேர்ந்து அசையாது, பிரிந்துதான் வரும். சுண்ணாம்பின்மேல் இமல்ஷன் பெயின்ட் அடித்து ஈரத்தை அடைப்பதும் இதே தவறுதான். சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும்.

அப்படியானால் சுண்ணாம்பு ஏன் விழுந்தது? விழுந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் மண்தூள் அப்பியிருந்தால், சுவரைத் தூசி தட்டாமல், கீறாமல் பூசியிருக்கிறார்கள். மேற்பரப்பில் வலைபோல் வெடிப்பென்றால் சுண்ணாம்பு கூடிவிட்டது, அல்லது வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டது. தேய்த்தால் மாவாக உதிர்ந்தால், இறுகும் முன்பே ஈரம் போய்விட்டது. அடிச்சுவரில் மட்டும் வெள்ளை உப்புப் பூத்தால் கூரைப் பீலியையும் வடிகாலையும் முதலில் சரிபாருங்கள், பூச்சைப் பிறகு பார்க்கலாம்.

பூசும்போது சுவரைத் துடைத்து, கீறி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஊற்றாதீர்கள், மண் ஊதிவிடும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல். கடல்மணலைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பூசிய பின் சில நாட்களுக்கு ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேசன் பாஸ்மார் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுண்ணாம்பு கலப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

கொழும்பில் வெளிச்சுவருக்கு ஜனவரி, பெப்ரவரிதான் வசதி. அதுவரை தார்ப்பாய் கட்டிக் கொஞ்சம் பொறுங்கள், தயவுசெய்து.