கிரிமினல் கோர்ட்டில் புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள்

கோர்ட் ஹாலை விட்டு வெளியே வந்ததும் கட்சிக்காரர்கள் வக்கீல்களான எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே என்ன சார் பேசினாங்க?" என்பதுதான். வழக்கு அவருடையது, ஜெயிலுக்குப் போகப்போவதும் அவர்தான், ஆனால் அங்கே பேசியதில் பாதி லத்தீன், மீதி ஆங்கிலச் சுருக்கம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சில சொற்கள் புரியாமல் போனால் உரிமையே கைவிட்டுப் போய்விடும். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்யும்போது "பிரைமா ஃபேஸி கேஸ் இருக்கிறது" என்று நீதிபதி சொன்னால், குற்றவாளி என்று முடிவாகிவிட்டதாக நினைத்து வீட்டில் உள்ளவர்கள் உடைந்துபோகிறார்கள். அப்படியில்லை. முதல் பார்வையில் முகாந்திரம் தெரிகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். சாட்சிகளை விசாரித்து, குறுக்கு விசாரணை முடிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால்தான் தண்டனை.

அடுத்தது டீஃபால்ட் பெயில். இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போலீஸ் குறிப்பிட்ட நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள் (போதைப்பொருள் வணிக அளவு வழக்குகளில் இது 180 நாள், கோர்ட் அனுமதித்தால் ஓராண்டு வரை நீளலாம்; யு.ஏ.பி.ஏ. எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில் 180 நாள் வரை நீளலாம்). கைது செய்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 167(2), அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 187(3). ஆனால் மனு போட்டால்தான் இந்த உரிமை நிற்கும். நீங்கள் மனு போடுவதற்கு முன் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டால் அதோடு போச்சு, அதனால் ரிமாண்ட் தேதியைக் குடும்பத்தில் ஒருவர் காலண்டரில் குறித்தே வைக்க வேண்டும்.

புகார் கொடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்குத் தலைப்பில் உங்கள் பெயருக்குப் பதில் "அரசு, காவல் ஆய்வாளர் மூலமாக" என்றிருக்கும். உங்களை டி ஃபேக்டோ கம்ப்ளெய்னன்ட் என்பார்கள், அதாவது நடைமுறையில் புகார்தாரர். பெயர் இல்லையே என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு தாள் வந்தால், போலீஸ் உங்கள் புகாரை முடித்துவைக்கப் பார்க்கிறது என்று பொருள், பெரும்பாலும் "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" (நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த புகார்) என்று காரணம் எழுதியிருப்பார்கள். அதை மாஜிஸ்திரேட் ஏற்பதற்கு முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் கையெழுத்துதானே என்று போட்டுக்கொடுத்துவிட்டு வராமல், ஆட்சேப மனு தாக்கல் செய்யுங்கள்.

அலிபி என்றால் சம்பவ நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதம். அதை நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்தான். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், ஆகவே முதல் வாரத்திலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். மென்ஸ் ரியா என்பது குற்ற மனம், செயலோடு இதுவும் இருந்ததா என்று பார்ப்பார்கள்.

டிஸ்சார்ஜும் அக்விட்டலும் ஒன்றல்ல. விசாரணைக்கு முன்பே, குற்றச்சாட்டு வனையப் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிப்பது டிஸ்சார்ஜ், புது ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்ப வரலாம். சாட்சியங்களைப் பார்த்து முடிவில் விடுதலை செய்வது அக்விட்டல். அப்பீலில் மாறாதவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. இப்போது டிஸ்சார்ஜ் மனுவுக்கு 60 நாள் கெடுவும் வந்துவிட்டது.

கோர்ட்டில் எல்லோரும் "313 கேள்வி" என்பது பழைய சட்டத்தின் 313-வது பிரிவு, புதிய சட்டத்தில் அது 351. சாட்சிகள் சொன்னதை நீதிபதி உங்களிடமே கேட்கும் கட்டம். சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாததற்காகத் தண்டிக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதைத் தீர்ப்பில் கணக்கில் எடுக்கலாம். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் "பொய்" என்று சொல்லிவிட்டு இறங்குவதை விட, விளக்கம் இருந்தால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுக்க அனுமதி கேட்கலாம். சாட்சியம் உங்களுக்குத் தெரியாத மொழியில் பதிவானால் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான், புரியவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்கு அழைத்துச் சட்ட உதவி கேளுங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாகக் கொடுக்கிறார்கள்.