பௌர்ணமியில் பொருந்தும், அஷ்டமியில் பிசகும் கணக்கு

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன் என்ற ஐரோப்பியருக்குக் கிரகணம் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். வாய்பாடு எல்லாம் மனப்பாடம். 1825 மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தின் தொடக்கம் அந்தக் கணக்கில் 4 நிமிடம்தான் பிசகியது. நடுவேளை 23, முடிவு 52 நிமிடம் பிசகின. ஆனாலும் தொலைநோக்கி இல்லாத கணக்கு இது!

இத்தனையும் எப்படி மனசில் நிற்கும்? நிலா பூமிக்கு அருகில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் போகும். தொலைவில் கிளம்பி மறுபடி அதே தொலைவுக்கு வர 27.55 நாள். ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அப்புறம் அதே வேகம்தான் திரும்ப வரும். எனவே நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள் போதும். வரருசி என்ற பழைய வானியலாளர் பெயரில் வழங்கும் அந்த வரிசையின் முதல் வாக்கியம் 'கீர்நஃ ச்ரேயஃ'. எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறையில், கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுத்தால் 3, 0, 2, 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). முதல் நாளில் நிலா நகரும் தூரம் அது. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

சரி, பிசகு எங்கே? சூரியனின் ஈர்ப்பால் நிலாவுக்கு இன்னொரு தள்ளாட்டமும் உண்டு. சராசரி இடத்திலிருந்து நிலா விலகுவதற்கு வாக்கியத்தில் இருப்பது ஒரே திருத்தம், அதிகபட்சம் 5 பாகை. அமாவாசை, பௌர்ணமியில் உண்மையான திருத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. அரைநிலாவில், அதாவது அஷ்டமியை ஒட்டி, அது ஏழரை பாகை வரை போகும். கிரகணமோ அமாவாசை, பௌர்ணமியில் மட்டுமே வரும். கிரகணத்தை எத்தனை முறை ஒத்துப் பார்த்தாலும் இந்தக் குறை வெளியே தெரியாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானத்தில் பார்ப்பதோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும் இவரே. திருக்கணிதத்திலுள்ள 'திருக்' மரியாதைக்குச் சொல்லும் 'திரு' அல்ல. பார்வை என்று பொருள்படும் வடசொல்.

இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரு வருஷத்து அஷ்டமிகளின் முடிவு நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாதம் வித்தியாசம் பன்னிரண்டு நாழிகையைத் தொடும். பௌர்ணமிகளில் அந்த அளவுக்கு இருக்காது.