பனிச்சறுக்குப் பலகைக்கு எதற்குத் தனி இஸ்திரிப்பெட்டி?

“ஸ்கீ பலகைக்கு மெழுகு போடுவதற்கென்றே தனி இஸ்திரிப்பெட்டி விற்கிறார்கள். துணி தேய்க்கிற பெட்டி போதாதா? இது வியாபாரத் தந்திரம்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் தந்திரம், நிறைய இயற்பியல்.

பலகை பனியில் ஏன் வழுக்குகிறது? ஆளின் எடை அழுத்தி பனி உருகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் அது நிற்காது. பனிக்கட்டியின் உருகுநிலையை 1 டிகிரி இறக்கவே ஏறத்தாழ 130 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 80 கிலோ ஆள் ஒருவர் இரண்டு பலகைகளின் மேல் நின்றால் கிடைப்பது ஒரு வளிமண்டலத்தில் சுமார் 3 சதவீதம். பலகை உண்மையில் தொடுவது படிகங்களின் நுனிகளைத்தான் என்று சொல்லி அதை நூறு மடங்காக்கினாலும் உருகுநிலை ஒரு டிகிரியில் நூறில் மூன்று பங்குகூட இறங்காது.

1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் கணவாயில், 3,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு பனிக்குகையில் சோதனை செய்து வேறு பதில் சொன்னார்கள்: உராய்வின் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தும் பித்தளை, கடத்தாத எபோனைட் என்ற கடின ரப்பரைவிட மோசமாக வழுக்கியது அவர்களுக்கு நல்ல சாட்சி. பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உறைநிலைக்குக் கீழேயும் தளர்வாகவே இருக்கின்றன என்பதும் இதோடு சேரும். எதன் பங்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பனிக்குகையில் உட்கார்ந்து பித்தளையை இழுத்துப் பார்க்க இரண்டு பேருக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். இன்று அதே விண்ணப்பத்தோடு போனால் “சமூகப் பயன் என்ன?” என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

இதில் மெழுகின் வேலை இரண்டு. கடுங்குளிரில் பனிப் படிகங்கள் கூராக இருக்கும். அவை பலகையில் குத்தி இறங்காமலிருக்கக் கடினமான மெழுகு வேண்டும். ஈரப் பனியில் தண்ணீர் அதிகமாகிப் பலகையைப் பிடித்து இழுக்கும். அங்கே நீரை ஒட்டவிடாத மென்மையான மெழுகு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த மெழுகு பலகைக்குள் எப்படிப் போகிறது?

“சூடு பட்டால் அடிப்பரப்பின் துளைகள் திறக்கும், மெழுகு உள்ளே போகும், ஆறினால் மூடிக்கொள்ளும்” என்று பனிச்சறுக்குக்காரர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படித் திறந்து மூடும் துளை எதுவும் அங்கே இல்லை. நல்ல பலகைகளின் அடிப்பரப்பு, பாலிஎதிலீன் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக இறுக்கிச் செய்தது. சாதாரணப் பிளாஸ்டிக் பையில் இருப்பதும் பாலிஎதிலீன்தான். ஆனால் இதன் சங்கிலிகள் அசாத்திய நீளம். ஒரே மூலக்கூறில் 2 லட்சம் கார்பன் அணுக்களுக்கு மேல் வரிசையாக நிற்கும். இவ்வளவு நீளமான சங்கிலிகள் எல்லா இடத்திலும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாது. ஏறக்குறைய பாதி இடத்தில் சீராக மடிந்து படிகமாகின்றன. மீதி இடத்தில் சிக்கலான நூல்கண்டு மாதிரி தாறுமாறாகக் கிடக்கின்றன.

இப்போது பாரஃபின் மெழுகைப் பாருங்கள். அதுவும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நேர்ச்சங்கிலி. நீளம் மட்டும் 20 முதல் 40 கார்பன் வரை. வேதியியலில் மெழுகு, பாலிஎதிலீனின் குட்டித் தம்பி. ஒத்தது ஒத்ததில் கரையும் என்ற பழைய விதிப்படி, உருகிய மெழுகு அந்தச் சிக்கலான பகுதிகளுக்குள் கரைந்து நுழைகிறது. அடுக்கி வைத்த படிகப் பகுதிகளில் அதற்கு இடமில்லை. ஒரு திடப்பொருள் இன்னொன்றைக் குடிக்கிறது, துளை ஒன்றுகூட இல்லாமல்! இதைவிட அழகான விளக்கம் இருக்கும்போது துளைக் கதையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இந்தக் குடித்தல் மெதுவாக நடப்பது. பரவலின் கணக்கு கஞ்சத்தனமானது: இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். சூடு ஏற ஏறச் சங்கிலிகள் அதிகம் நெளியும், மெழுகு வேகமாக நகரும். அப்படியானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், 130 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பாலிஎதிலீன் படிகங்களே உருகத் தொடங்கும். மெழுகு உருகுவதோ 50, 60 டிகிரி வாக்கில். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் எல்லா வேலையும். பந்தய அணிகள் பலகைகளை 50, 60 டிகிரி வெப்பப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் வைத்திருப்பதன் ரகசியமும் இதுவே. சூட்டால் வாங்க முடியாததை நேரத்தால் வாங்குகிறார்கள். புதுப் பலகைக்குத் திரும்பத் திரும்ப மெழுகு போடச் சொல்வதும் இதனால்தான்.

துணிப்பெட்டி தோற்பது இந்த இடத்தில். பருத்தித் துணிக்கான நிலையில் அது 200 டிகிரியைத் தொடும். கீழே இறக்கி வைத்தாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் இரட்டை உலோகப் பட்டைத் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவதால் சூடு மேலும் கீழும் ஊசலாடும். துணிக்கு அது பொருட்டே இல்லை. தகடும் மெல்லியது: குளிர்ந்த பலகையில் வைத்ததும் சூடு சட்டென்று இறங்கும், மெழுகு இழுபடும், நீங்கள் குமிழைத் திருப்புவீர்கள், அடுத்த நிமிடம் புகை. நீராவித் துளைகளில் மெழுகு போய் அடைவது தனிக் கதை.

ஆகவே வாங்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்காமல் தகட்டின் தடிமனைப் பாருங்கள். தடித்த அலுமினியத் தகடு வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும். தடிமன் இரட்டித்தால், அதே அளவு வெப்பத்தை இழந்தாலும் சூடு பாதிதான் இறங்கும். டிகிரியில் அளவு காட்டும் மின்னணுக் கட்டுப்பாடு கடின மெழுகு போடுகிறவர்களுக்கு அவசியம், ஏனென்றால் அந்த மெழுகுகளுக்கு 140, 150 டிகிரி வரை கேட்கும். தப்புக்கு இடம் குறைவு. ஈரப் பனிக்கு மட்டும் மென்மெழுகு போடுகிறவர்களுக்கு 120 டிகிரி போதும், சாதாரண மெழுகு இஸ்திரிப்பெட்டியே தாராளம். அதற்கு மேல் விலை கொடுப்பதுதான் நான் சொன்ன அந்தக் கொஞ்சம் தந்திரம். இரண்டு கால்களையும் ஒன்றிலேயே வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டு அகலமானது என்பதால் அகலத் தகடு உதவும். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நல்லது.

140 டிகிரித் தகட்டை 130இல் உருகும் பொருளின் மேல் வைக்கலாமா? பெட்டி நகர்ந்துகொண்டே இருக்கும்வரை வைக்கலாம். பிளாஸ்டிக் வெப்பத்தைச் சோம்பலாகக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் சூடாகவே சில விநாடிகள் ஆகும், நடுவில் உருகிய மெழுகுப் படலமும் இருக்கிறது. நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. மேல்தோல் உருகி இறுகிப்போன இடம் பிறகு மெழுகைச் சரியாக ஏற்காது. வேகத்தை அறிய கருவி வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் ஈரமாக மின்னும் மெழுகு வாலைக் கவனியுங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் என்றால் சரி. வால் அதைவிட நீண்டால் அடிப்பரப்பு அதிகம் சூடாகிவிட்டது. வாலே இல்லையென்றால் மெழுகு மேலோடு நிற்கிறது.

புகை வந்தால் உடனே சூட்டைக் குறையுங்கள். புளூரின் கலந்த பழைய மெழுகுக் கட்டி கையில் இருந்தால் அதைச் சூடாக்கவே வேண்டாம். ஸ்காண்டிநேவிய அணிகளின் மெழுகுப் பணியாளர்கள் ரத்தத்தில் அந்தச் சேர்மங்கள் பொதுமக்களைவிடப் பல மடங்கு இருந்தது ஆய்வுகளில் தெரிந்தது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் புளூரின் மெழுகை முழுவதும் தடுத்துவிட்டது. ஆஸ்திரியாவின் சோல்டனில் அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே ஒரு வீராங்கனை சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். பதக்கத்துக்காக ரகசிய மெழுகுக்கூடங்களில் கொட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கை, புகையை மூச்சில் இழுத்தவர்களின் நலனுக்கு முன்பே செலவழித்திருக்கலாம்.

போட்டு முடித்ததும் சுரண்ட அவசரப்படாதீர்கள். சூடு தணியும்வரை மெழுகு உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். அறை வெப்பநிலைக்கு வந்ததும், அரைமணி நேரமாவது கழித்து, அக்ரிலிக் சுரண்டியால் பலகையின் முன்முனையிலிருந்து பின்முனைப் பக்கமாக, மேலே தெரிகிற மெழுகு அத்தனையையும் எடுத்துவிடுங்கள். பிறகு அதே திசையில் பிரஷ் போடுங்கள், வெள்ளைப் பொடி வருவது நிற்கும்வரை.