டிசி இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பினால்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் டிசம்பர் வந்தாலே வகுப்பில் இடம் காலியாக ஆரம்பித்துவிடும். காபி பழுக்கும் நேரம். வயநாட்டுக்கும் குடகுக்கும் பறிப்பு வேலைக்குக் கிளம்பும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? போன ஊரில் பள்ளிக்குப் போனால் "டிசி எங்கே, ஆதார் எங்கே" என்பார்கள். மார்ச்சில் திரும்பி வந்தால் "பேரை எடுத்தாச்சே" என்பார்கள். எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இந்த மூன்று பதிலுமே செல்லாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் மத்திய சட்டம், ஆகவே தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றுக்கும் பொது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு அது பொருந்தும்.

முதலில் டிசி. பிரிவு 5 சொல்வது, ஒரு பிள்ளை மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ வேறு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம், பழைய பள்ளி ஹெச்.எம். உடனே டிசி தர வேண்டும், இழுத்தடித்தால் அவர்மேல் துறை நடவடிக்கை. டிசி வரத் தாமதமானாலும் புதிய பள்ளி அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பேரை எடுப்பதும் அப்படித்தான், எட்டாவது முடிக்கும்வரை யாரையும் நீக்க முடியாது என்கிறது பிரிவு 16.

வயதுச் சான்று இல்லாததும் காரணமில்லை (பிரிவு 14). அங்கன்வாடிப் பதிவு, நர்ஸ் பதிவேடு, எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். நான் கூடப் போன ஒரு சேர்க்கையில், அப்பா பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த தடுப்பூசி அட்டையில் தேதி அழிந்துபோயிருந்தது. அங்கன்வாடி டீச்சர் பதிவேட்டைப் புரட்டி, பிறந்த தேதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அதற்குமுன் அந்த அப்பாவை மூன்று முறை அலைய விட்டிருந்தார்கள்! ஆதாரும் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை, 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். பள்ளிக்கே போகாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று பிரிவு 9 தனியாகவே சொல்கிறது.

மொழி விஷயத்தில்தான் சட்டம் நழுவுகிறது. "இயன்றவரை" தாய்மொழியில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையில் பணிய மொழி காணாமல் போய்விடுகிறது. வயநாட்டில் 2017இல் கோத்ரபந்து என்று ஆரம்பித்து, பழங்குடிச் சமூகத்தில் ஆசிரியர் படிப்பு முடித்தவர்களையே பள்ளிகளில் நியமித்தார்கள். நம் பக்கமும் அப்படி வந்தால் நன்றாக இருக்கும்.

சரி, சேர்க்க மறுத்தால்? வாய்ச்சண்டை வேண்டாம். தேதி போட்டு உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு. புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் ஒன்று, ஒன்பதாவதிலிருந்து இந்தச் சட்டம் கைகொடுக்காது, எட்டாவது முடித்த கையோடு டிசியை வாங்கி வைத்துவிடுங்கள்.